வரைந்த நிழலும் விழுந்த நிழலும்: கலிகாரியின் சிறைச்சுவரை மாடி அறையில் கட்டிப் பார்த்தேன்

ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசப் படங்கள் (மனதின் அச்சத்தைக் கோணல் செட்டிலும் நிழலிலும் காட்டிய 1920களின் மௌனப் படங்கள்) என்றதும் நாம் முதலில் பேசுவது நிழலைப் பற்றித்தான். நானும் பல வருடங்களாக அப்படியே பேசி வந்தேன். சுவரில் தூரிகையால் வரைந்த நிழலுக்கும் விளக்கிலிருந்து விழும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை முறை படம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. காடாத் துணியும் கருப்புப் பொடியும் கையில் எடுத்த பிறகு மூன்றே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. அந்த மூன்று வார வேலையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ இதே வழியில் செட் போட நினைப்பவர்களுக்கு, நான் வீணாக்கிய துணியும் நேரமும் மிச்சமாகும்.

எடுத்துக்கொண்டது, ராபர்ட் வீனே இயக்கிய 'டாக்டர் கலிகாரியின் அறை' படத்தில் வரும் சிறைக்கூடம். 1920 பிப்ரவரி 26 அன்று பெர்லினின் மார்மோர்ஹவுஸ் திரையரங்கில் வெளியான படம். ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் என்ற மூன்று பேர் அதற்கு அரங்கம் அமைத்தார்கள். படமெடுத்தது வைஸன்ஸே பகுதியில் இருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவில். பெரும்பாலான செட்டுகள் அகலத்திலும் ஆழத்திலும் 6 மீட்டரைத் தாண்டவில்லை. இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் எனக்குத் தைரியம் வந்தது. எங்கள் மாடி அறை 11 அடிக்கு 16 அடி. உயரம் ஒன்பதரை. அவர்களுக்கு 20 அடி போதுமென்றால் எனக்கு 16 போதும்.

சிறைக்கூடக் காட்சி மிகச் சிறியது. மேலே போகப்போகக் குறுகும் சுவர். அதில் மேலிருந்து கீழே இறங்கும் கூர்மையான பட்டைகள். அவை சுவரோடு நிற்காமல் தரையிலும் ஓடி, கைதி உட்கார்ந்திருக்கும் இடத்தை அம்பு நுனிகள்போலக் குத்தி நிற்கும். ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருவதாக நம்பவைக்கும் வேலையை முழுக்க முழுக்கச் சாயம் செய்கிறது. 2014-ல் மீட்டெடுக்கப்பட்ட பிரதியில் தூரிகை இழுத்த தடங்கள்கூடத் தெரிகின்றன. அந்தத் தடங்களைப் பார்த்துத்தான் கை அரித்தது.

சட்டம் அடிப்பதிலிருந்து தொடங்கினேன். 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் ரீப்பர் கட்டையில் 9 அடி உயரம், 4 அடி அகலத்தில் இரண்டு சட்டம். அவற்றின்மேல் காடாத் துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்தேன். தண்ணீரில் கரைத்த பெவிகாலைப் பூசி இரவு காயவிட்டுப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் இரண்டு சட்டமும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு மூலை தரையிலிருந்து முக்கால் சாண் மேலே. பருத்தித் துணி நனைந்து காயும்போது சுருங்கி, கட்டையையே இழுத்து வளைத்துவிடும். துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்காததும், மூலைக்குக் குறுக்குச் சட்டம் கொடுக்காததும் என் தவறு. துணியைக் கழற்றி, நாலு மூலையிலும் முக்கோணமாகப் பிளைவுட் துண்டு அடித்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் கொடுத்து மறுபடி இழுத்துக் கட்டினேன். இந்த முறை துணியைக் கொஞ்சம் தளர்வாக விட்டேன். காய்ந்ததும் மேளத் தோல்போல் விறைத்துக்கொண்டது.

தரைக்கு 8-க்கு 4 ஹார்ட்போர்டு இரண்டு. சுவருக்கும் தரைக்கும் ஒரே பூச்சு: சாக் பவுடர், தண்ணீர், கொஞ்சம் பெவிகால்.

கருப்புக்கு முதலில் கடையில் கேட்டு எமல்ஷன் வாங்கினேன். மேட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். காய்ந்ததும் பளபளப்பு. விளக்குப் போட்டால் கருப்புப் பட்டையின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு. வரைந்த நிழல் மினுங்கினால் அது நிழலே இல்லை, பெயின்ட் அடித்த சுவர். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துவிட்டு, "டப்பா கருப்ப தூக்கிப் போடு தம்பி. கருப்புப் பொடி வாங்கு, வஜ்ரத்த உருக்கி ஊத்திக் கலக்கு. வெளிச்சத்த அப்படியே குடிச்சிரும்" என்றார். அப்படியே செய்தேன். வஜ்ரம் என்பது உருக்கிப் பயன்படுத்தும் பசை. அது குறைந்தால் கையில் ஒட்டுகிறது, கூடினால் மினுங்குகிறது. ஒரு பழைய துணியில் ஆறேழு கலவை தீட்டிப் பார்த்துதான் சரியான பதம் கிடைத்தது. விரலால் தேய்த்தால் லேசாக ஒட்ட வேண்டும். ஆனால் உதிரக் கூடாது.

அவர் சொன்ன இன்னொன்று: "நிழல ஒரே கருப்பா போடாத. ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் வெட்டு. இன்னொரு பக்கத்த இழுத்து விடு." பிறகு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை; ஆனாலும் கலிகாரி சுவர்களில் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு விளிம்பு கத்திபோல், மறு விளிம்பு வறண்ட தூரிகையால் இழுத்துக் கரைத்தது.

அடுத்தது கோடு. இதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. சுவரிலிருந்து இறங்கும் பட்டை தரைக்கு வந்ததும், கேமராவிலிருந்து பார்த்தால் முறியாமல் ஒரே நேர்கோடாகத் தெரிய வேண்டும். சுவர் செங்குத்து, தரை படுக்கை. நேரில் அந்தக் கோடு மடங்கித்தான் இருக்கும். கணக்குப் போட்டு வரைய முயன்று ஒரு நாள் போனது. கடைசியில் டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவரிடம் லேசர் லெவல் இரவல் வாங்கினேன். அதன் ஊசலைப் பூட்டிவிட்டால் எந்தச் சாய்விலும் கோடு போடும். கேமரா லென்ஸ் இருக்க வேண்டிய அதே புள்ளியில், சுவரிலிருந்து 12 அடி தள்ளி, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் அதை வைத்தேன். லேசர் விரிக்கும் வெளிச்சம் ஒரு தட்டையான தளம். அந்தத் தளம் லென்ஸ் புள்ளி வழியே போவதால், சுவரில் எங்கே வளைந்தாலும் தரையில் எங்கே மடங்கினாலும் லென்ஸுக்கு மட்டும் அது நேர்கோடுதான். சிவப்புக் கோட்டின்மேல் நூலைப் பிடித்துச் சுண்டிக்கொண்டே போனேன். ஒன்பது கோடு, ஒரே மாலையில். புள்ளி தவறிப்போகாமல் இருக்கத் தூக்குக்குண்டு கட்டித் தரையில் ஆணி அடித்து அடையாளம் வைத்தேன்.

பிறகு அதே புள்ளியில் கைபேசியை முக்காலியில் பூட்டிப் பார்த்தேன். பட்டைகள் தரையைக் கிழித்துக்கொண்டு வந்தன. உடம்பு சிலிர்த்துவிட்டது. முக்காலியை ஒரே ஒரு அடி வலது பக்கம் நகர்த்தினேன். சுவர் முடிந்து தரை தொடங்கும் இடத்தில் ஒன்பது பட்டையும் முறிந்து தொங்கின. இது துணி, இது அட்டை என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

கலிகாரியில் கேமரா பெரும்பாலும் அசையாது. அது நாடகத்தின் மிச்சம், அந்தக் காலத்துப் பழக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த ஒரு அடியை நகர்த்திப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரைந்த வெளிக்கு ஒரு கண்தான் உண்டு. அந்தக் கண்ணை அசைத்தால் ஊரே இடிந்துவிடும். திரையில் தெரிவது உயிர் பெற்ற ஓவியமாக வேண்டும் என்பது வார்மின் கொள்கை. ஓவியம் கேட்கும் விலை, பார்க்கிறவன் ஓரிடத்தில் நிற்பது.

நூலைச் சுண்டுவதற்கு நான் தோய்த்தது துணிக்குப் போடும் நீலப் பொடி. அதற்குக் காரணம் உண்டு. 1919-ல் புழங்கிய பிலிம் ஆர்த்தோகுரோமேட்டிக் வகை. நீலமும் பச்சையும் அதற்குத் தெரியும், சிவப்பு தெரியாது. நீலம் வெளுத்துவிடும், சிவப்பு கருத்துவிடும். கைபேசியில் எடுத்த படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை 0, பச்சையை 40, நீலத்தை 60 என்று வைத்தால் கிட்டத்தட்ட அந்த பிலிமின் கண் கிடைக்கிறது. என் நீலக் கோடுகள் அத்தனையும் வெள்ளைப் பூச்சில் கலந்து மறைந்தன. அழிக்க வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் அதே கண் அக்கா மகனை என்ன செய்தது தெரியுமா? கைதியாக உட்கார அவனைத்தான் பிடித்து வைத்திருந்தேன். மாநிறம். முதல் படத்தில் முகம் கரிக்கட்டைபோல் இருண்டுவிட்டது. கன்னத்துப் பருக்கள் ஒவ்வொன்றும் மைப்புள்ளி. உதடு கருப்புக் கீறல். தோலில் இருக்கும் சிவப்பைத்தான் இந்த பிலிம் தின்றுவிடுகிறதே. மௌனப் பட நடிகர்கள் ஏன் அப்படி வெள்ளை பூசிக்கொண்டார்கள் என்பது அந்த ஒரு படத்தில் விளங்கியது. பான்கேக் என்ற ஒப்பனைப் பூச்சில் வெள்ளை கலந்து பூசினோம். கண்ணைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டோம். அந்தக் குழி தானாகக் கருத்தது. கலிகாரியின் சொல்லுக்கு ஆடும் தூக்க நடையனாக, கான்ராட் வைட் நடித்த செசாரேயின் கண்கள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன.

இனி விளக்கு. நான் மிக மோசமாக வழுக்கியது இங்கேதான்.

எக்ஸ்பிரஷனிசம் என்றால் பக்கவாட்டு வெளிச்சம், ஆழ்ந்த இருட்டு என்று மனதில் ஊறிப்போயிருந்தது. இடது பக்கம் உயரத்தில் ஒரு எல்இடி ஃபோகஸ் விளக்கை வைத்து மற்றதையெல்லாம் அணைத்தேன். வரைந்த சுவர் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. துணியின் நெசவு எழுந்து தெரிகிறது. ஸ்டேப்ளர் இழுத்த சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிழல் போடுகின்றன. போதாததற்குப் பையனின் நிஜ நிழல் வலது பக்கம் விழுந்து, வலமிருந்து இடமாக இறங்கும் என் பட்டைகளைக் குறுக்கே வெட்டுகிறது. ஒரே அறையில் இரண்டு சூரியன். விளக்கை மாற்றி மாற்றி வைத்து இரண்டு இரவு போராடினேன். எங்கே வைத்தாலும் விளக்கு சாயத்தைப் பொய்யாக்கியது.

மூன்றாம் இரவு எதிர்த்திசையில் யோசித்தேன். கேமராவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு டியூப் லைட், முன்னால் பட்டர் பேப்பர். தட்டையான, சோகையான வெளிச்சம். நேரில் பார்த்தால் ஒரு அழகும் இல்லை, பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி. ஆனால் கைபேசித் திரையில் சுவர் எழுந்து நின்றது. பட்டைகள் எரிந்தன. வெளிச்சத்தையும் இருட்டையும் தூரிகை ஏற்கெனவே பிரித்துக் கொடுத்துவிட்டது. விளக்கின் வேலை அதில் தலையிடாமல் இருப்பது. மறுபடி கலிகாரியைப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான காட்சிகளில் ஒளி முன்னாலிருந்து, பரவலாகத்தான் வருகிறது. இத்தனை வருடம் அந்தப் படத்தில் நான் இருட்டு என்று பார்த்தது சாயத்தை.

இன்னொரு குறை மிச்சமிருந்தது. தட்டையான வெளிச்சத்தில் பையனுக்கு நிழலே இல்லை. தரையில் ஒட்டாமல் மிதப்பதுபோல் இருந்தான். அவனை உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றித் தரையில் நீலத்தால் கோடு கிழித்து, இடது பக்கமாக நீளும் ஒரு கருப்பு நிழலை அவனுக்கென்று வரைந்தேன். இப்போது பொருந்தியது. ஆனால் அவன் ஒரு கை அகலம் நகர்ந்தாலும் நிழல் பழைய இடத்திலேயே கிடக்கிறது!

"மாமா, அப்ப நான் அசையவே கூடாதா?"

"அசையலாம். ஆனா பட்டை போற போக்குலயே அசையணும். எந்திரிச்சாலும் சாஞ்சுதான் எந்திரிக்கணும். முதுக அந்தக் கோட்டோட ஒட்டி வச்சுக்கோ."

அவன் அப்படி எழுந்தான். முழங்கை மடித்து, தோளை ஒரு பக்கம் தூக்கி, சுவரில் இருக்கும் சாய்வை உடம்பில் வாங்கிக்கொண்டு எழுந்தான். அந்த நொடியில் மனிதனும் சுவரும் ஒரே கையால் வரைந்தவையாக இருந்தன. செசாரே சுவரோரமாக, அந்தச் சுவரிலிருந்தே உரிந்து வருவதுபோல் நகரும் காட்சி இருக்கிறதே, அதை மிகை நடிப்பு என்று ஒதுக்குவது சரியில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கான்ராட் வைட்டும் கலிகாரியாக வந்த வெர்னர் கிராஸும் செட்டோடு சேர்ந்து வரையப்பட்டவர்களாக நடிக்கிறார்கள். இயல்பாக நடப்பவர்கள்தான் அந்த ஊரில் அந்நியமாகத் தெரிகிறார்கள்.

அந்தப் படத்திலும் நிஜ நிழல் வரும் இடம் உண்டு. கதாநாயகனின் நண்பன் ஆலனின் கொலை. கொலையை நேரில் காட்டாமல் சுவரில் விழும் நிழலாகக் காட்டுகிறார்கள். சாயம் அங்கே பின்வாங்குகிறது, விளக்கு முன்னால் வருகிறது. அடுத்த பத்தாண்டுகள் போகப்போகும் வழி அந்தச் சில நொடிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால் கடைசி வாரம் துணியைத் திருப்பிப்போட்டு, வெறும் வெள்ளைச் சுவரில் இரண்டாவது நிழலைச் செய்து பார்த்தேன். முர்னாவின் 'நாஸ்ஃபெராட்டு', 1922. மாடிப்படியில் ஏறும், ரத்தம் குடிக்கும் பிரபு ஓர்லாக்கின் நிழல். முர்னா சாயமடித்த ஊரை விட்டுவிட்டு விஸ்மார், லூபெக் போன்ற நிஜ ஊர்களுக்குப் போனார். கோணல் சுவர் இல்லாத இடத்தில் அச்சத்தை எங்கே வைப்பது? வெளிச்சத்தில் வைத்தார்.

இதற்குக் கணக்கு எளிது. சாதாரண எல்இடி பல்பை எடுத்தேன். அதன் பால் நிறக் குமிழ் சுமார் 6 சென்டிமீட்டர். பல்பிலிருந்து ஆள் 4 அடி, ஆளிலிருந்து சுவர் 4 அடி. நிழல் இரண்டு மடங்கு பெரிதாகியது, ஆனால் விளிம்பில் 6 சென்டிமீட்டருக்கு மங்கல். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கையுறைபோல் தெரிந்தன. ஒளி வரும் இடம் எவ்வளவு சிறியதோ நிழல் அவ்வளவு கூர்மை. டார்ச் ஒன்றைப் பிரித்து, கண்ணாடியையும் கிண்ணத்தையும் கழற்றி, 3 மில்லிமீட்டர் எல்இடியை மட்டும் விட்டேன். நகம் முதற்கொண்டு சுவரில் வந்தது.

நகத்தை நீளமாக்க ஒட்டு நகம் வேண்டியதில்லை. விளக்கிலிருந்து சுவர் 8 அடி. ஆள் 4 அடியில் நின்றால் இரண்டு மடங்கு. அவன் கையை மட்டும் விளக்குப் பக்கம் நீட்டி 2 அடிக்குக் கொண்டுவந்தால் கை நான்கு மடங்கு. உடம்பு மனித அளவில் பெரிதாக இருக்க, கை மட்டும் பூதமாக நீண்டு சுவரைத் துழாவுகிறது. விளக்கைத் தரையில் வைத்தால் அந்தக் கை கூரைக்கு ஏறுகிறது. அக்கா மகன் தன் நிழலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

இந்த இரண்டாவது நிழலுக்குக் கேமரா எங்கே நிற்கிறது என்ற கவலை இல்லை. முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். நிழல் உடையவில்லை. ஆளும் நடக்கலாம், நிழல் கூடவே வரும். ஊரைத் துணியில் வரைந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு விளக்கும் அதை வைக்கத் தெரிந்த கையும் போதும். எக்ஸ்பிரஷனிசம் கடல் கடந்தது இந்த வடிவில்தான். ஜெர்மன் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் 1929-ல் அமெரிக்கா போனார். யுனிவர்சலின் 1931 'டிராகுலா'வுக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர்தான். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் என்று சினிமாக்காரர்கள் ஒவ்வொருவராக ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள். நாற்பதுகளின் அமெரிக்கக் குற்றப் படங்களில் ஜன்னல் சட்டங்களின் நிழல் முகத்தில் பட்டை பட்டையாக விழுகிறதே, அது என் சிறைச்சுவரின் பட்டைதான். சாயம் போய் விளக்கு வந்திருக்கிறது.

நம் பக்கமும் ஒரு கிளை வந்தது. முனிக்கிலிருந்து ஜோசப் விர்ஷிங் என்ற ஒளிப்பதிவாளர் பம்பாய் வந்து, 1934-ல் தொடங்கிய பாம்பே டாக்கீஸில் வேலை பார்த்தார். 1949-ல் வந்த 'மஹல்' படத்தின் இருண்ட மாளிகை அவர் ஒளியமைத்தது. தமிழில் 1954-ல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த 'அந்த நாள்' படத்தின் ஒளியும் நிழலும் இந்த உறவுக்காரர்களில் ஒன்று என்றுதான் நான் பார்க்கிறேன். சந்தேகம் ஒவ்வொருவர் முகத்திலும் எப்படி நிழலாக விழுகிறது என்பதை மட்டும் கவனித்து ஒருமுறை பாருங்கள்.

இரண்டில் எது பிடித்தது என்று பேனர் அண்ணன் கேட்டார். விழுந்த நிழல் வசதியானது, வேகமானது, எங்கும் எடுத்துப் போகலாம். ஆனால் என் மனம் வரைந்த நிழலிடம்தான் நிற்கிறது. விளக்கை அணைத்தாலும் அது சுவரில் இருக்கும்.

திரும்பச் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சுவருக்கும் தரைக்கும் இடையில் இடைவெளி விடாதீர்கள். அரை அங்குல இடைவெளியும் நிஜ நிழல் போட்டுப் பட்டையை வெட்டும். நான் மைதாப் பசையில் காகிதம் ஒட்டி அடைத்தேன். தரையில் வரைந்தபின் செருப்பில்லாமல், அதுவும் உலர்ந்த காலோடு நடங்கள். பையனின் வியர்வைக் கால் பட்டு இரண்டு பட்டைகளை மறுபடி தீட்ட வேண்டியதாயிற்று.

துணியைப் போன ஞாயிறு கழுவினேன். அடுத்த நாடகத்துக்கு அதே சட்டம் வேண்டும். வஜ்ரம் கலந்த கருப்பு வெந்நீர் பட்டதும் இளகி, மொட்டை மாடி முழுக்க மையாக ஓடியது. சாம்பல் பூத்துக் கிடந்த துணியில், படத்தில் ஒருமுறைகூடத் தெரியாத அந்த ஒன்பது நீலக் கோடுகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.